மணலுக்கடியில் பாடம் படித்த காட்டன் துரை



இந்த முறை நாம தெரிஞ்சுக்கப் போறவர் சர் ஆர்தர் காட்டன். நம்ம ஊர்ல தெலுங்கு பேசற வீடுகள் நிறைய இருக்கே, அவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும். கோதாவரிக் கரை ஊர்கள்ல இவருக்குச் சிலை வெச்சிருக்காங்க.

காட்டன் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். ராணுவப் பொறியாளராகி, 1821-ல் சென்னைக்கு வந்தார். 1828-ல் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

காவிரி நமக்கும் சொந்தம்தான். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து பிலிகுண்டுலு வழியாகத்தான் அது தமிழ்நாட்டுக்குள் வருது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரியும். கொள்ளிடம் பள்ளமாக இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சாவூர் வயல்கள் வாடின.

கொள்ளிடத்தில் அணை கட்டினால் தீரும். ஆனால் அங்கே ஒரு பெரிய சிக்கல். எவ்வளவு தோண்டினாலும் மணல்தான், பாறையே இல்லை. மணல் மேல் அஸ்திவாரம் எப்படி நிற்கும்?

பதில் பக்கத்திலேயே இருந்தது. அதுதான் கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை! சுமார் 2000 வருஷமாக மணல் மேலேயே நிற்குது. அதை எப்படிக் கட்டினோம் என்று யாரும் எழுதி வைக்கலை. காட்டன் அந்த அணையையே புத்தகமாக நினைத்து ஆராய்ந்தார்.

விஷயம் இதுதான். பெரிய கல்லை மணல் மேல் போட்டால், தண்ணீர் அடி மணலை அரிக்க அரிக்க, கல் உள்ளே இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இனிமேல் இறங்காது என்கிற ஆழம் வரைக்கும் போட்டுக்கிட்டே வரணும். கல்லுக்கு நடுவில் களிமண். கேட்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க!

இந்தப் பாடத்தை வைத்து 1836-ல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டினார். தஞ்சாவூர் மறுபடி செழித்தது. அடுத்து கோதாவரி. அங்கே மக்கள் பஞ்சத்தால் செத்துக் கொண்டிருந்தார்கள். தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கி 1852-ல் அணையை முடித்தார். சோழ நாட்டுப் பாடம் ஆந்திராவுக்கும் சோறு போட்டது!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: ஆளுகிற வெள்ளைக்காரராக இருந்தும், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய ஆட்களிடம்தான் கற்றுக் கொண்டோம் என்று அவரே எழுதி வைத்தார். 1861-ல் சர் பட்டம் பெற்றார். 1899 ஜூலை 24-ல் காலமானார்.

ஆனால் கட்டினால் மட்டும் போதாது. 2018 ஆகஸ்ட் 22-ல் வெள்ளம் வந்தபோது, மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து போயின. பிறகு பக்கத்தில் புதிய கதவணை கட்டினார்கள். எவ்வளவு நல்ல கட்டடமானாலும் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கணும். எங்கே அரிக்குது, எங்கே விரிசல் விடுது என்று குறித்து வைக்கணும்.

நம்ம பேரிகை, ஓசூர் பக்கம் தினமும் புதுசு புதுசா ஃபேக்டரியும் வீடும் எழும்புது. நம்மில் பல பேர் வீட்டில் அப்பா, மாமா, சித்தப்பா மேஸ்திரியாகவோ சித்தாளாகவோ வேலை செய்றாங்க. எந்த மண்ணுக்கு எவ்வளவு ஆழம் தோண்டணும், கலவை எப்படி இருக்கணும், எத்தனை நாள் தண்ணீர் ஊற்றணும் என்று அவங்களுக்குத் தெரியும். எந்த நோட்டிலும் அது இல்லை. அவங்களோடயே போய்விடும்.

கல்லணையைக் கட்டினவங்களைக் கேட்க காட்டனுக்கு வழி இல்லை. நமக்கு இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேளுங்க. ஒரு நோட்டில் எழுதுங்க!

தொகுப்பு: 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு