கொல்லர் மகன் காட்டிய நிழல்

கெபாசிட்டரை ‘ஃபாரட்’ கணக்கில் அளக்கிறோமே, அந்தப் பெயர் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானியுடையது. அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர் என்று அறிந்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.

1791-ல் இங்கிலாந்தில் ஓர் இரும்புக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். 1812-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தன் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பி வைத்தார். 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்றைய டிரான்ஸ்பார்மருக்கும் ஜெனரேட்டருக்கும் அதுதான் ஆணிவேர்.

இவ்வளவு பெரிய மனிதர், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைக் குறைவாக நினைக்கவில்லை. 1827 முதல் 1860 வரை 19 கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் அவர்களுக்காகப் பேசினார். 1860-61 விடுமுறையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் வெறும் மெழுகுவர்த்தி!

வெளிச்சம் நேராகப் போகும், பொருள் மறித்தால் நிழல் விழும். இது நமக்குத் தெரியும். ஆனால் நெருப்புக்கு நிழல் உண்டா? எரியும் மெழுகுவர்த்திக்குப் பின்னால் பிரகாசமான மின்விளக்கை வைத்து, சுடரின் நிழலைத் திரையில் காட்டினார் ஃபாரடே. சுடரில் எந்த இடம் அதிகப் பிரகாசமோ, அந்த இடத்தின் நிழல்தான் அதிகக் கறுப்பு! காரணம், அங்கே இருக்கும் நுண்ணிய கரித்துகள்கள். சூட்டில் ஒளிர்ந்து வெளிச்சம் தருவதும் அவைதான், பின்னாலிருந்து வரும் பெரிய வெளிச்சத்தை மறிப்பதும் அவைதான்.

இதைப் படித்ததும் காலை வெயிலில், சுவரோரம் மெழுகுவர்த்தி ஏற்றித் தங்கைக்குக் காட்டினேன். கைநாட்டு வைக்கும் என் அம்மாவும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். சட்டியின் அடியில் பிடிக்கிற கரியும் இதுதானா என்று கேட்டார். அதேதான்! அந்தக் கேள்வியைப் பாடம் படித்த எனக்குக் கேட்கத் தோணலையே!

வீட்டில் சொன்னால் புரியாது என்று நம்மில் பலர் படிப்பை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். 1867-ல் மறைந்த ஃபாரடே அப்படி நினைக்கவில்லை. நம் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவர்கள் நாம். படித்ததை நம் வீட்டாருக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்வோம். அதுவே அந்தக் கொல்லர் மகனுக்கு நாம் செய்யும் மரியாதை!