அரண்மனை வேலையோடு நின்றுவிடாத உமறுப் புலவர்

ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் கம்பெனி பஸ் ஏறும் நம் பிள்ளைகள் பலரிடம் ஒரே கவலையைக் கேட்கிறோம். டிப்ளமோ முடித்தாயிற்று, ஷிஃப்ட் வேலையும் கிடைத்தாயிற்று. இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறார்கள். அவர்களுக்காகவே உமறுப் புலவரின் வாழ்க்கையை இங்கு நினைவுகூர்கிறோம்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறு, வாசனைப் பொருள் வணிகரின் மகன். தந்தையின் தொழிலுக்கே போயிருக்கலாம். ஆனால் தமிழின் மீது கொண்ட ஆர்வத்தால், எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் மாணவராகச் சேர்ந்தார். வடக்கிலிருந்து வந்த வாலை வாருதி என்ற புலவர் ஆசிரியரை வாதுக்கு அழைத்தபோது, அவருக்குப் பதிலாக இளைஞர் உமறு முன்வந்து வென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னாளில் அவரே எட்டயபுரத்தின் அரசவைப் புலவரானார்.

நல்ல பதவி, நிலையான வருமானம். பலர் அத்துடன் நின்றிருப்பார்கள். ஆனால் கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி கேட்டபோது, உமறு அந்தப் பெரும் பணியை ஏற்றுக்கொண்டார்.

தமிழில் வல்லவரான அவருக்கு அரபு மூலங்களில் உள்ள செய்திகள் தேவைப்பட்டன. அதற்காக மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை நாடினார். உமறின் உடையும் தோற்றமும் அரசவைக்குரியவையாக இருந்ததால் அப்பா முதலில் மறுத்துவிட்டார்கள் என்று கூறப்படுகிறது. பெரிய புலவரான தன்னை மறுப்பதா என்று உமறு கோபித்துத் திரும்பவில்லை. மனம் வருந்தி துஆ செய்தார், காத்திருந்தார். பிறகு அப்பா அவர்கள் இசைந்து, பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை ஆலிம் ஒருவரிடம் அனுப்பிவைத்தார்கள். அரசவைப் புலவர் மறுபடியும் மாணவராக உட்கார்ந்து பாடம் கேட்டார்.

நூல் முடியும் முன்பே சீதக்காதி வஃபாத்தானார். அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவுக் கரம் நீட்ட, பணி தொடர்ந்தது. அப்படி உருவானதுதான் 3 காண்டங்களும் 5,000க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்ட சீறாப்புராணம். அதுவும் நபிகளாரின் முழு வாழ்வையும் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய பகுதியைப் பிற்பாடு பனீ அகமது மரைக்காயர் சின்ன சீறாவாகப் பாடினார்.

எட்டயபுரத்து அரசவையில் புலவர்கள் பலர் இருந்திருப்பார்கள். உமறுவின் பெயர் நம் வீடுகளில் இன்றும் நிலைப்பது, அந்தப் பதவிக்குப் பிறகு அவர் கற்றதாலும் பாடியதாலும்தான்.

இன்றைய ஷிஃப்ட் வேலையைக் குறைவாக எண்ண வேண்டாம். ஹலாலான சம்பாத்தியம் அது. வேலை முடிந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வரைபடக்கலையோ, மென்பொருளோ, எழுத்தோ ஏதேனும் ஒன்றைக் கற்கத் தொடங்கலாம். தெரிந்தவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். ஒருவர் மறுத்தால் இன்னொரு முறை கேட்கலாம். பெற்றோரும் சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல், புதிதாக என்ன கற்றாய் என்றும் பிள்ளைகளிடம் கேட்போம்.

பயனுள்ள கல்வியையும் அதற்கான பொறுமையையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.