ரவுட்டர் பெட்டியில் இருக்கும் ஹெர்ட்ஸ் யார்?

ரவுட்டர் பெட்டியில் '2.4 கிகாஹெர்ட்ஸ்'னு போட்டிருக்கே, அந்த ஹெர்ட்ஸ் ஒரு ஆள். 1857ல் ஹாம்பர்க்கில் பிறந்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் படித்து, 1885ல் கார்ல்ஸ்ரூவில் பேராசிரியர் ஆனார். மின்காந்த அலை இருக்குன்னு மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னதை, ஹெர்ட்ஸ் அங்கே செய்தே காட்டினார்.

ஒரு பக்கம் தீப்பொறி விட்டார். தள்ளி இருந்த கம்பி வளையத்தின் இடைவெளியிலும் குட்டிப் பொறி வந்தது. மூடிய மரக்கதவை அலை தாண்டியது. துத்தநாகத் தகட்டில் மோதித் திரும்பியது. அதனாலதான் ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாடி வைக்கக் கூடாது.

போன அலையும் திரும்பி வந்த அலையும் கலந்ததில், சில இடத்தில் பொறி பலமா வந்தது, சில இடத்தில் வரவே இல்லை. நம்ம ரூம்லயும் இதே கதைதான். லேப்டாப்பை நாலு விரல் தள்ளி வைத்தாலே சில நேரம் சிக்னல் ஏறும். வளையத்தைத் திருப்பினாலும் பொறி மாறியது. அதனால ஆன்டெனாவையும் திருப்பிப் பாருங்க. ஸ்பீடு பத்தலைன்னு பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் செலவில்லாத வேலை.

1894 ஜனவரி 1 அன்று, நோயால், பான் நகரில் ஹெர்ட்ஸ் இறந்தார். வயசு 36. மார்கோனி கம்பியில்லாமல் சிக்னல் அனுப்பத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம்.