கும்பகோணம் தந்த கணக்குப் புலி

கணக்கு என்றாலே பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதிலும் இருபடிச் சமன்பாடு என்றால் கேட்கவே வேண்டாம். சூத்திரத்தை நெட்டுருப் போடுவார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அதை மறந்துவிடுவார்கள்.

ஆனால் காவிரிக் கரையில் ஒரு பள்ளிச் சிறுவன் இருந்தான். இருபடியோடு அவன் நிற்கவில்லை. முப்படி, நாற்படி என்று ஏணியில் ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போனான். பிற்காலத்தில் உலகமே அவனை அண்ணாந்து பார்த்தது.

அவன்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன்.

ஜவுளிக்கடை கணக்கர் மகன்

ராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில்.

தகப்பனார் ஸ்ரீநிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். குடும்பச் செலவைச் சமாளிக்க, காலேஜில் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சாப்பாடும் போட்டார்கள்.

1897-ல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் ராமானுஜன் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினான். மறு வருஷம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தான்.

அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று உபாத்தியாயர் பாடம் நடத்தினார். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. ராமானுஜன் எழுந்தான். பழமும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அப்போதும் ஒன்றுதானா என்று கேட்டான்!

குறும்புக்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. ஒரு விதியைச் சொன்னால், அது எதுவரை செல்லும், ஏன் செல்லும் என்று பார்ப்பது அவன் சுபாவம்.

நாற்றங்கால் கணக்கு

இருபடிச் சமன்பாடு என்பது என்ன? பூதம் ஒன்றும் இல்லை. நம் தஞ்சை வயலிலேயே அதைப் பார்க்கலாம்.

தஞ்சைப் பக்கத்தில் 12 அடி ஒரு கோல். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள இடம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி.

ஒரு நாற்றங்கால் 60 குழி இருக்கிறது. அதன் நீளம் அகலத்தைவிட 4 கோல் அதிகம். அப்படியானால் அகலம் எவ்வளவு?

அகலம் தெரியாது. அந்தத் தெரியாத எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டி வருகிறது. அதனால்தான் இதற்கு இருபடி என்று பெயர்.

இப்போது அந்த நாற்றங்காலை ஒரு காகிதத்தில் வரையுங்கள். நீளத்தில் அதிகமாக இருக்கும் 4 கோல் பட்டையைத் தனியாக வெட்டி எடுங்கள். மிச்சம் இருப்பது ஒரு சதுரம். வெட்டிய பட்டையை 2 கோல் அகலம் உள்ள இரண்டு துண்டுகளாக்குங்கள். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்தில் வையுங்கள். மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்தில் வையுங்கள்.

ஒரு பெரிய சதுரம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கிறது! அந்த மூலை 2 கோலுக்கு 2 கோல். அதாவது 4 குழி. அதையும் சேர்த்தால் 60-ம் 4-ம் 64.

எட்டெட்டு 64. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் 8 கோல். ஒட்டவைத்த 2 கோலைக் கழித்தால் அகலம் 6 கோல். நீளம் 10 கோல். ஆறு பத்து அறுபது. விடை சரி!

அல்ஜீப்ரா முறையில் போட்டால் அகலத்துக்குக் கழித்தல் 10 என்று இன்னொரு விடையும் வரும். அந்த அளவுக்கு எந்தக் குடியானவராலும் வரப்புப் போட முடியாது. அதனால் அதை விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு மிகப் பழையது. பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் எழுதிய நூலிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். ஸ்ரீதரர் சொன்ன விதியைப் பிறகு பாஸ்கரர் எடுத்துக் காட்டினார்.

காலியான மூலையைக் கண்ணால் பார்த்த பிள்ளை சூத்திரத்தை மறக்காது. மறந்தாலும் மறுபடி தானே உண்டாக்கிக்கொள்ளும். ராமானுஜன் கணக்கைக் கற்றது அப்படித்தான்.

அரை நிமிஷத்தில் விடை

வீட்டில் தங்கியிருந்த காலேஜ் மாணவர்களைச் சிறுவன் துளைத்து எடுத்தான். அவர்களுக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் 11 வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டான். லோனி என்ற ஆங்கிலேயர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை இரவல் வாங்கி, 13 வயதுக்குள் முழுவதையும் போட்டு முடித்தான்.

நாலாம் பாரம் படிக்கும்போது, மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அவனைச் சோதிக்க நினைத்தார். இரண்டு எண்கள். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அந்த எண்கள் எவை?

சாதாரண வழியில் போனால் இது நாற்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடும். ராமானுஜன் அரை நிமிஷத்தில் விடை சொன்னான். முதல் எண் 9, இரண்டாவது 4!

வாசகர்களும் சரிபார்த்துக்கொள்ளலாம். 9-ன் மூலம் 3. அதோடு 4 சேர்ந்தால் 7. 4-ன் மூலம் 2. அதோடு 9 சேர்ந்தால் 11.

ஐந்தாம் படி

1902-ல் முப்படிச் சமன்பாட்டுக்கு விடை காணும் வழியை ஒருவர் ராமானுஜனுக்குக் காட்டினார். அப்போது அவனுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு, நாற்படிச் சமன்பாட்டுக்குத் தானே ஒரு வழி கண்டான். இத்தாலி தேசத்தில் பெரிய பண்டிதர்கள் கண்டுபிடித்து, கார்டானோ என்பவர் 1545-ல் அச்சிட்ட விஷயம் அது.

அடுத்த வருஷம் ஐந்தாம் படிக்கு முயன்றான். பலிக்கவில்லை. பலிக்காது என்று சொல்ல அவன் பக்கத்தில் ஆள் இல்லை. ஐந்தாம் படிக்குப் பொதுவான சூத்திரம் கிடையாது என்பதை நார்வே நாட்டு ஏபெல் 1824-லேயே நிரூபித்துவிட்டார். அந்தச் செய்தி கும்பகோணத்துச் சிறுவனுக்கு எட்டவில்லை.

அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. கை கொடுக்க ஆள் இல்லை. ராமானுஜனின் வாழ்க்கையில் பாதித் துன்பம் இதனால் வந்ததுதான்.

1903-ல் கார் என்பவர் தொகுத்த பெரிய புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. ஆனால் விளக்கம் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ராமானுஜன் தானே தேடினார்.

காகிதம் வாங்கக் காசு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார். முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். வழி எல்லாம் சிலேட்டோடு போய்விடும்!

சறுக்கி விழுந்தார்

1904-ல் பள்ளியில் கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. முழு மார்க்குக்கும் மேலே கொடுக்கத் தக்கவர் என்று தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையில் பாராட்டினார். கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது.

பிறகுதான் சோதனை. கணக்கைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலப் பாடத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906-ல் சென்னை பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தார். அதுவும் சரிப்படவில்லை. ஒரு கணக்குக்கு ஒரே வழியோடு நிறுத்த மாட்டார். பரீட்சைக்கு வேண்டியதை விட்டுவிட்டு, முடிவில்லாத எண்களைப் பற்றிப் பேசப் போய்விடுவார். ஒரு மாணவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டாராம்.

நடுவில் பத்துப் படி

1910-ல் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். நோட்டைப் பிரித்துப் பார்த்ததுமே அவர் ஆளை அறிந்துகொண்டார். இந்த மேதையைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகப் போட்டுப் பாழாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னை நண்பர்களுக்குச் சிபாரிசு எழுதி அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்து ஆதரித்தார்.

1912 மார்ச் 1-ந்தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். இருவரும் இரவில் ஆளுக்கு ஒரு சிலேட்டோடு உட்காருவார்கள்.

ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவார். நாராயண ஐயருக்கே திகைப்பாக இருக்கும். தமக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும் என்று அவர் எடுத்துச் சொன்னார். இரண்டு படிகளுக்கு நடுவில் பத்துப் படியாவது எழுதும்படி கேட்டுக்கொண்டார்.

கணக்குக் கற்பிக்கும் கலையே இதில் அடங்கியிருக்கிறது. தெரிந்தவர் கீழே இறங்கி வர வேண்டும். தெரியாதவர் ஏறி வரப் படி வேண்டும்.

சீமைப் பயணம்

1913 ஜனவரி 16-ந்தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள் அதில் இருந்தன. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். எழுதியவர் சாமானியர் அல்ல என்று தெரிந்துகொண்டார்கள்.

1914 மார்ச் 17-ந்தேதி ராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறினார்.

ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். நிரூபணம் எழுதும் முறையைக் கற்பிக்காவிட்டால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். அதிகமாகக் கற்பித்தால் இயற்கையான ஊற்று அடைபட்டுவிடும். ஆகவே வேண்டியதை மட்டும் பதமாகச் சொல்லிக் கொடுத்தார். தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே அதிகம் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

எப்.ஏ. தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது! 1918-ல் ராயல் சொசைட்டி தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. டிரினிடி காலேஜும் பெல்லோ பதவி கொடுத்தது.

ஆனால் குளிரும் யுத்தகால உணவுக் கஷ்டமும் உடம்பைக் கெடுத்தன. 1919-ல் நோயாளியாகத் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ந்தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. மனைவி ஜானகியம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

கடைசி நாட்களில் எழுதிய தாள்கள் 1976-ல் டிரினிடி காலேஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. பழைய நோட்டுகளில் அவர் எழுதாமல் விட்ட வழிகளை புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தேடி எழுதினார். 1985 முதல் 1998 வரை அவை ஐந்து பாகங்களாக வெளிவந்தன. ஒருவர் சிலேட்டில் அழித்ததை மற்றவர்கள் கண்டுபிடிக்க எத்தனை உழைப்பு!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள அந்த வீடு 2003 முதல் நினைவில்லமாக இருக்கிறது. கும்பகோணம் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஏன் என்று கேட்க வாய் உண்டு. இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்தால் ஒரு சதுரம் வரைந்து காட்டுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள்.

ராமானுஜனுக்கு இரவல் புத்தகம் கொடுத்தவர்களும், பத்துப் படி எழுதச் சொன்னவரும், கடிதத்தைக் குப்பையில் போடாமல் படித்தவரும் செய்தது அந்த உதவியைத்தான்.