இழை கண்ட அறிஞர் வாற்றர் பிளெமிங்

தாயின் கண்ணும் தந்தையின் நெற்றியும் பிள்ளையிடத்தே வந்து பொருந்துதலைக் கண்டு மகிழாத பாட்டியார் எவருமிலர். எனினும், அச்சாயல் எவ்வழியாக வந்து சேர்கின்றது என்னும் வினாவிற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கண்ணாற் கண்டு விடை கூறினார் ஒருவருமில்லை. அவ்வழியின் வாயிலைத் திறந்து காட்டியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், யேர்மனிய அறிஞர் வாற்றர் பிளெமிங் ஆவார். உயிரியல் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த அப்பெரியாரின் வாழ்க்கையை எம் மன்றத்து இளைஞரும் முதியோரும் ஒருங்கே அறிந்துகொள்ளல் நன்று.

பிளெமிங் 1843ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி, வட யேர்மனியிலுள்ள சுவெரின் நகருக்கு அண்மையில், சக்சன்பேர்க் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் மனநோய் மருத்துவர். அவ்விடத்து மனநோய் மருத்துவமனையின் தலைவராக விளங்கியவர். மைந்தரும் மருத்துவமே பயின்று, 1868இல் றொஸ்ரொக் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது படையினருக்கு மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர், 1873 முதல் பிராக் நகரிற் பேராசிரியராக இருந்து, 1876இல் பால்டிக் கடற்கரையிலுள்ள கீல் பல்கலைக்கழகத்தின் உடலமைப்பியற் பேராசிரியரானார். அவர்தம் வாழ்நாளின் பெரும்பணி யாவும் அங்கேதான் நிகழ்ந்தது.

அக்காலத்து அறிஞர் அறிந்திருந்தது எவ்வளவு என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். உயிர்களின் உடல் கலங்கள் எனப்படும் சிற்றறைகளால் ஆயது; ஒவ்வொரு கலமும் முன்னிருந்த ஒரு கலத்திலிருந்தே தோன்றுகின்றது என்று விர்க்கோ என்னும் பேரறிஞர் 1855இல் நிலைநாட்டியிருந்தார். ஆனால், கலத்தின் நடுவே அமைந்த கரு என்னும் உருண்டைக்கு என்ன நேர்கின்றது என்பது தெளிவாகவில்லை. கலம் பிரியும் வேளையில் கரு கரைந்தொழிந்து, பின்னர் புதிதாகத் தோன்றுகின்றது என்று கருதியவர் பலர். விளக்கு முற்றாக அணைந்து மீண்டும் எங்கிருந்தோ ஏற்றப்படுமாயின், முந்திய சுடருக்கும் பிந்திய சுடருக்கும் உறவு யாது? பெற்றாரின் இயல்பு பிள்ளைக்கு வரும் வழியை அறிய விரும்பியோருக்கு இது பெரும் இடராக நின்றது.

பிளெமிங் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தது சலமந்தர் என்னும் ஒருவகை ஈரூடக உயிரின் குடம்பிகளை. அவற்றின் செட்டைகளும் பூக்களும் ஒளி ஊடுருவுமளவிற்கு மெல்லியன. கலங்களும் கருக்களும் ஏனைய பல உயிர்களினும் மிகப் பெரியன. உயிருள்ள இழையத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நெடுநேரம் நோக்கினார். வேறு துண்டுகளை அக்காலத்திற் புதிதாக வந்திருந்த அனிலீன் சாயங்களில் தோய்த்தும் நோக்கினார். சாயத்தில் தோய்ந்தவற்றில் தாம் கண்டது உயிருள்ளவற்றிலும் உண்டா என ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறினார்.

அவர் கண்டது யாது? பிரியத் தொடங்கும் கலத்தின் கருவினுள்ளே, சாயத்தை நன்கு ஏற்கும் பொருள் மெல்லிய இழைகளாகத் திரளுகின்றது. இழைகள் குறுகித் தடிக்கின்றன. கருவின் உறை மறைகின்றது. பின்னர் அவ்விழைகள் கலத்தின் நடுவே வரிசைகொள்கின்றன. ஒவ்வோர் இழையும் குறுக்காக முறியாமல், நீளப்பாட்டில் இரண்டாகப் பிளந்திருத்தலை அவர் கண்டார். இவ்வாறு பிளந்த இழைகள் இரு கூட்டமாகப் பிரிந்து எதிரெதிர்த் திசைகளிற் சென்று, இரண்டு புதிய கருக்களாக அமைகின்றன. ஈற்றில் கலமும் இரண்டாகின்றது. ஆகவே கரு அழியவில்லை. கருவிலிருந்தே கரு தோன்றுகின்றது. நீளப்பாட்டிற் பிளந்தமையால், ஓர் இழையில் முனை முதல் முனை வரை உள்ளது எதுவோ அது இருபுறத்துக்கும் குறைவின்றிச் சேரும். ஒரு பிளவின் பாதிகள் இரண்டும் எதிரெதிர்க் கருக்களைச் சென்றடைதலை 1883இல் பெல்ஜிய அறிஞர் வன் பெனடன் எடுத்துக்காட்டினார்.

இவற்றையெல்லாம் தொகுத்துத் தாமே வரைந்த படங்களுடன் 1882இல் பிளெமிங் ஒரு பெருநூல் வெளியிட்டார். கிரேக்க மொழியில் இழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பிரிவுக்குப் பெயரிட்டவர் அவரே. நாம் அதனை இழையுருப்பிரிவு என்கின்றோம். நிறத்தை ஏற்றதனால் அப்பொருளுக்கு நிறம் பற்றிய பெயரொன்றையும் வழங்கினார். அதையொட்டி அவ்விழைகளுக்கு வல்டையர் என்பார் 1888இல் இட்ட பெயரே தமிழில் நிறமூர்த்தம் ஆயிற்று. எமது பாடநூற் சொற்களிலும் பிளெமிங்கின் சாயமும் இழையும் நிலைத்துள்ளன.

இப்பெரியாரிடம் நாம் கற்கவேண்டிய பண்பொன்று உண்டு. இழைகள் பிளத்தலைக் கண்டவர், அவை எதற்காகப் பிளக்கின்றன என்பதை அறிந்ததாகப் பறைசாற்றவில்லை. பட்டாணிச் செடிகளை எண்ணிக் கணக்கிட்டு மரபின் விதிகளை மெண்டல் 1866இலேயே வெளியிட்டிருந்தார். ஆயினும் அந்நூல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிளெமிங் இழையைக் கண்டார். மெண்டல் விதியைக் கண்டார். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மெண்டல் 1884இல் மறைந்தார். 1900இல் அவருடைய ஆய்வு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின், சற்றன், பொவெரி என்னும் இருவர் 1902ஆம் ஆண்டையொட்டி, மெண்டல் கூறிய காரணிகள் நிறமூர்த்தங்களிலே தங்கியுள்ளன என எடுத்துரைத்தனர்.

இவ்விடத்தில் ஒன்று கூற விழைகின்றேன், பெரியோர் பொறுத்தருள்வார்களாக. இத்தகைய உண்மைகளைக் கேட்டதும், இவையனைத்தும் எம் முன்னோர் முன்னரே அறிந்தவை என்று மேடைகளில் முழங்குதல் எம்மிடையே வழக்கமாகிவிட்டது. முன்னோர் சொல்லாததை அவர்தம் வாயில் வைத்தல் அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. மெய்ப்பொருளைத் தேடுக என்பதே அவர்கள் எமக்கு விட்டுச்சென்ற ஆணை. கண்டதைக் கண்டவாறு கூறி, காணாத இடத்தில் அமைதி காத்த பிளெமிங், அவ்வாணையின் வழி நின்றவராகவே எனக்குத் தோன்றுகின்றார்.

அவருக்கும் எட்டாதவை இருந்தன. மனிதக் கண்ணின் விழிவெண்படலக் கலங்களிலுள்ள நிறமூர்த்தங்களை எண்ண முயன்ற அவர், சரியான தொகையில் ஏறத்தாழ அரைவாசியையே பெற்றார். அத்தொகை 46 என்பதை ஜியோ, லெவான் என்னும் இருவர் 1956இல் வெளியிட்டனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1953இல், அவ்விழையினுள்ளே மரபைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருள் முறுக்கிய இரட்டை ஏணி போன்றது என வற்சனும் கிறிக்கும் காட்டினர். கலம் பிரியுமுன் அவ்வேணி இரண்டாகப் படியெடுக்கப்படுகின்றது. பிளெமிங் கண்ட பிளவு அப்படிகள் பிரிந்து நிற்கும் தோற்றமே.

எம் வீட்டு முற்றங்களிற் பூத்துப் பூசைக்கும் உதவும் நித்தியகல்யாணியை அனைவரும் அறிவர். அச்செடியிலிருந்து 1950களின் பிற்பகுதி முதல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்துகள், நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் கதிர்நார்களை அமையவொட்டாமல் தடுத்து, கட்டின்றிப் பெருகும் புற்றுநோய்க் கலங்களைப் பிரியவிடாது செய்கின்றன. குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகள் பலர் இம்மருந்தினை உள்ளடக்கிய சிகிச்சையால் பிழைத்துள்ளனர். சலமந்தர்க் குடம்பியின் செட்டையில் ஒருவர் கண்ட காட்சி என்ன பயன் தரும் என்று அன்று எவரேனும் வினவியிருப்பின், இவ்விடையை அவராலும் கூறியிருக்க முடியாது.

மணவாழ்வு மேற்கொள்ளாத பிளெமிங், இறுதிக் காலத்தில் நோயால் வருந்தி, 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி கீல் நகரிற் காலமானார். அவர் வழிவந்த பிள்ளைகள் இல்லை. ஆயினும், இன்று கலப்பிரிவைப் பயிலும் ஒவ்வொரு மாணவனும் அவருடைய அறிவின் பிறங்கடையே ஆவான். இளைஞரே, பெற்றார் தந்த உடல் நாம் கேளாமலே வந்து சேர்ந்தது. அறிவென்னும் முதுசொம் அவ்வாறன்று. உழைத்துப் பெறுபவருக்கே அது உரியது. அதனைப் பெற்று, குறையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போமாக.