பேட்டரியே இல்லாமல் ஒட்டுக்கேட்ட மரச்சின்னம்: லெவ் தெர்மென் கதை

உங்க ஐடி கார்டுக்குள்ள பேட்டரி இருக்கா? லைப்ரரி புத்தகத்துல ஒட்டியிருக்கிற டேக்ல? கார் கண்ணாடியில இருக்கிற ஃபாஸ்டேக்ல? எதுலயும் கிடையாது. ரீடர் அனுப்புற ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கிட்டு, தன்னோட நம்பரைத் திருப்பிச் சொல்லிடும். இதுதான் ஆர்.எஃப்.ஐ.டி. இதோட தாத்தான்னு பலரும் சொல்ற ஒரு கருவி 1945-லயே வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது. அதை உருவாக்கினவர் அப்போ ஒரு கைதி!

அவர் பெயர் லெவ் செர்கேயேவிச் தெர்மென். மேலை நாடுகளில் லியோன் தெரமின். 1896-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். இயற்பியலும் படித்தார், செல்லோ வாசிக்கவும் கற்றார். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, இயற்பியலாளர் அப்ராம் யோஃபேயின் ஆய்வுக்கூடத்தில் வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் வேலை. அப்போது ஒன்றைக் கவனித்தார். கருவிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கெபாசிட்டன்ஸ் மாறுகிறது, கூடவே ஹெட்ஃபோனில் கேட்கும் ஒலியும் மாறுகிறது. நாமா இருந்தா எரர்னு எழுதிட்டுப் போயிருப்போம். அவர் அதையே தொடாமல் வாசிக்கும் இசைக்கருவியாக்கினார். அதுதான் தெரமின்.

1922-ல் கிரெம்ளினில் லெனின் முன்னால் அதை வாசித்துக் காட்டினார். லெனினே கையை அசைத்து வாசித்தும் பார்த்தார். அதே நாளில் தெர்மென் இன்னொன்றையும் காட்டினார்: ஆள் பக்கத்தில் வந்தால் மணி அடிக்கும் திருட்டு அலாரம். இசைக்கும் காவலுக்கும் ஒரே தத்துவம். அவர் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டும் ஜோடியாகவே வந்தன.

1927 கடைசியில் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் பெரிய பெயர். 1929-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் தெரமினைத் தயாரித்து விற்றது, ஏறக்குறைய 500 கருவிகள்தான் வந்தன. லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின பாலே கலைஞரை மணந்தார். 1938-ல் திடீரென்று சோவியத் யூனியனுக்குத் திரும்பினார். கடத்திட்டுப் போனாங்களா, கடன் தொல்லையில அவரே போனாரா என்று பல வருஷம் பேசினார்கள். மனைவியை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

1939-ல் கைது. எட்டு ஆண்டு தண்டனை. முதலில் கோலிமா முகாம், அப்புறம் கைதி விஞ்ஞானிகளை வைத்து வேலை வாங்கும் ரகசிய ஆய்வுக்கூடம். அங்கேதான் அந்தக் கருவி பிறந்தது.

1945 ஆகஸ்ட் 4. சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள்: மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசுச் சின்னம். அழகா இருக்கேன்னு மாஸ்கோ வீட்டின் படிப்பறையில் மாட்டிவிட்டார். உள்ளே ஒரு சின்ன உலோக அறை, அதன் முகப்பில் மெல்லிய சவ்வு, கூட ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான். பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையில் பேசும் குரலுக்கு ஏற்ப சவ்வு அதிரும், திரும்பி வரும் அலையும் அதற்கேற்ப மாறும். அதைப் பிடித்துப் பேச்சைக் கேட்டார்கள். அலையை நிறுத்திவிட்டால் அது வெறும் மரச்சாமான், சோதனை போட்டாலும் தெரியாது. நான்கு தூதர்கள் மாறும்வரை, ஏழு ஆண்டு அந்தச் சுவரில் தொங்கியது. 1952-ல்தான் சிக்கியது. 1960-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கா அதை உலகத்துக்கே காட்டியது.

தெர்மெனுக்கு 1947-ல் விடுதலை, கூடவே ஸ்டாலின் பரிசு. ஆனாலும் உளவுத்துறைக்காக 1960-களின் நடுப்பகுதி வரை வேலை செய்தார். பிறகு மாஸ்கோ இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் செத்துப்போயிட்டதாவே வெளிநாட்டில் நினைத்திருந்தார்கள். 1967-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அவர் உயிரோடு இருப்பதை எழுதியது. விளைவு? அந்த வேலையும் போனது. 1991-ல் மறுபடி அமெரிக்கா போய்ப் பழைய தோழி, தெரமின் கலைஞர் கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். 1993-ல் மாஸ்கோவில் இறந்தார்.

இப்போ நம்ம கார்டுக்கு வருவோம். தெர்மெனின் கருவி குரலை அனுப்பியது, நம்ம டேக் நம்பரைத்தான் அனுப்பும். ஆனா ரெண்டுக்கும் ஒரு குணம் பொது: வெளியிலிருந்து கேட்டால் பதில் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. சாதாரண டேக், கேட்கிறது யாருன்னு பார்க்காது. வெறும் நம்பர்தானேன்னு விடவும் முடியாது. எந்த நம்பர், எந்த வாசலில், எத்தனை மணிக்கு என்று சேர்த்துவைத்தால் அது ஒருவரின் நடமாட்டக் குறிப்பு. 2012-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இரண்டு பள்ளிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. கார்டைக் கொடுத்தார்கள். ஒரு மாணவி மறுத்து வழக்குக்கே போனார். வழக்கில் அவர் தோற்றார், ஆனால் 2013-ல் நிர்வாகமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

தெர்மென் திறமைசாலி. கூடவே, வாழ்நாளில் பெரும்பகுதி மற்றவர்களின் கண்காணிப்பிலேயே இருந்தவர். தன் கருவியை யார் மேல் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. நமக்கு இருக்கு. நம்மில் பாதிப் பேர் மினி ப்ராஜெக்ட்டுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. அட்டெண்டன்ஸ் சிஸ்டம்தான் செய்யப்போறோம். சர்க்யூட் டயக்ராம் வரையும்போதே மூணு கேள்விக்கும் பதில் எழுதிடுங்க: பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், கார்டு வச்சிருக்கிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? வைவாவில் யாரும் கேட்காமல் போகலாம். எழுதிட்டுப் போங்க.