ரூடி டுட்ஷ்கேயும் தேவாலயப் போராட்டமும்

பெர்லினுக்குத் தெற்கே லுக்கன்வால்டே அருகில் 1940இல் பிறந்த ரூடி டுட்ஷ்கே, கிறித்தவ இளைஞர் சபையில் வளர்ந்தவர். கிழக்கு ஜெர்மனியில் படைப்பணியை மறுத்தமையால் விரும்பிய கல்வி அவருக்குக் கிட்டவில்லை. 1961இல் மேற்குப் பெர்லின் சேர்ந்து சமூகவியல் பயின்றார். மாணவர் இயக்கத்தின் முதன்மைக் குரலானார்.

1967 டிசம்பர் 24 இரவு, கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் வழிபாடு. உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்த பழைய கோபுரத்தை அப்படியே நிறுத்திவைத்திருக்கும் ஆலயம் அது. வியட்நாம் போரைக் கண்டிக்கும் பதாகைகளுடன் மாணவர் சிலர் உள்ளே நுழைந்தனர், வெளியே தள்ளப்பட்டனர். டுட்ஷ்கே பிரசங்க மேடையேறிப் பேச முயன்றார். வழிபட வந்த ஒருவர் ஊன்றுகோலால் அடிக்க, தலையிலிருந்து குருதி வழிந்தது.

வழிபடுவோரை வலிந்து கேட்கச் செய்தல் நிர்ப்பந்தமன்றோ என்பார் உளர். பிறர்க்குரிய மேடையைக் கேளாமல் கைக்கொண்டது பிழையே. (கேளாச் செவிகளிடம் பேசும் துயர் நம் கவிஞர்கள் அறியாததன்று.) எனினும், எழுந்து செல்லவோ அவரை வெளியேற்றவோ அவர்களுக்கு இருந்த உரிமையை அவர் பறிக்கவில்லை, வெளியேற்றவும் செய்தனர். அமைதியைக் குலைத்தார், எவரையும் பணியவைக்கவில்லை. கோல் பிடித்த கை அவருடையதன்று.

1968 ஏப்ரல் 11இல் இளைஞனொருவன் அவரைத் தலையில் சுட்டான். பேச்சையே மீண்டும் கற்க நேர்ந்தது. அக்காயம் தந்த வலிப்பினால் 1979 டிசம்பர் 24 அன்று டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் மறைந்தார்.